மழைமானி, ஆற்று நீர்மட்டத் தகவலைக் கிளவுடுக்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
அணைக்குக் கீழ் ஆற்றின் இரு கரைகளிலும் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு பேரிடர் மேலாண்மை அலுவலர் அவர்கள்

பொருள்: மழை, வெள்ள முன்னறிவிப்புக்கு மேகக் கணிமையை (கிளவுட்: இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் தொலைதூரக் கணினிகள்) பயன்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் (பதில் வரப்பெறவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அணைக்குக் கீழே ஆறு வளையும் தாழ்வான பகுதி தாங்கள் நேரில் பார்வையிட்ட இடம். அதை மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. மலைமேல் உள்ள எல்லா மழைமானிகளின் தரவும் அலுவலகத் தரைத்தளத்தில் உள்ள ஒரே சர்வருக்கு வருகிறது. கனமழையில் முதலில் மின்சாரம் போகிறது, பிறகு இணையம், யுபிஎஸ் தீர்ந்ததும் சர்வர். தரவு நேரடியாகக் கிளவுடுக்குப் போக வேண்டும். தொலைவில் உள்ள இரண்டு டேட்டா சென்டர்களில் அதன் பிரதி இருக்க வேண்டும்.

2. எங்களை மிகவும் வதைப்பது இதுதான். மானியிலிருந்து தகவல் வராதபோது இணையதளம் மழையளவை 0 என்று காட்டுகிறது. நீர்மட்டத்துக்குக் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது வந்தது என்ற நேரம்கூட இல்லாமல். மானிக்குள் மழைநீர் விழும் சிறு வாளி 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை கவிழ்கிறது; அந்தக் கவிழ்தலை எண்ணித்தான் மழையளவு கணக்கிடப்படுகிறது. கவிழாவிட்டால் மழை இல்லாமல் இருக்கலாம், புனலில் இலை அடைத்திருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், சிக்னல் போயிருக்கலாம். நான்கையும் ஒரே பூஜ்யமாக எழுதினால் யார் எதை நம்புவது? 100 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி கன மீட்டர் தண்ணீர். மண் ஏற்கெனவே ஊறிக்கிடந்தால் அதில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான் வரும். அந்த நேரத்தில் திரையில் 0 என்று இருந்தால், பாத்திரம் பண்டத்தை மேலே ஏற்றக்கூட ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஐயா!

வராத தகவலை "தகவல் இல்லை" என்றே காட்டுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நேரம் போடுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் சிவப்பில் காட்டுங்கள். இணைப்பு அறுந்தால் லாகர் (மானியின் அளவுகளைப் பதிவுசெய்து அனுப்பும் கருவி) தன் நினைவகத்தில் சேமித்து, திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து அனுப்பட்டும். இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும். சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, மழையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பட்டும். கூடவே பேட்டரி வோல்ட் அளவும் வந்தால், தொடர்ந்து மேகமூட்டமான நாட்களில் சோலார் சார்ஜ் குறைவது முன்பே தெரிந்துவிடும். பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் பிரித்துக் காட்டுவது சில வரி நிரல் வேலை. இதற்குமா டெண்டர்?

3. உலகம் முழுவதன் வானிலையையும் கணிக்கும் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி (மாடல்) நாளுக்கு 4 முறை ஓடுகிறது. அதன் வெளியீடு கிளவுடிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது பூமியைப் பிரித்துக் கணிக்கும் கட்டத்தின் அளவு 0.25 டிகிரி, அதாவது சுமார் 28 கி.மீ.; நம் நீர்ப்பிடிப்பு முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். எனவே ஒரு வட்டாரத்தை மட்டும் நுணுக்கமாகக் கணிக்கும் டபிள்யூஆர்எஃப் மாதிரியை 3 கி.மீ. கட்டத்தில் ஓட்ட வேண்டும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கணக்கிடும் வேலை ஏறக்குறைய 8 மடங்காகும். அதற்கான இயந்திரத்தை ஆண்டு முழுவதும் வாங்கி வைக்கத் தேவையில்லை, மழை அறிகுறி உள்ள நாட்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் போதும். எந்த நிமிடமும் திரும்பப் பிடுங்கப்படும் மலிவுவிலை சர்வர்களை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். நம் கிளவுட் கணக்கில் எடுக்கக்கூடிய சர்வர்களின் உச்சவரம்பை முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள். புயல் அன்று விண்ணப்பித்துப் பயனில்லை.

4. எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் இணையதளம் படுத்துவிடுகிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் எளிய பக்கமும் ஒரு படமும் கிளவுட் சேமிப்பகத்திலிருந்து சிடிஎன் (பல ஊர்களில் பிரதி வைத்துப் பக்கத்தை வழங்கும் சர்வர் வலையமைப்பு) வழியாக வந்தால் எத்தனை பேர் பார்த்தாலும் தாங்கும்.

5. எச்சரிக்கை எஸ்எம்எஸ் வரிசையில் நின்று தாமதமாகிறது. செல் பிராட்காஸ்ட் (டவரின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) கொடுங்கள்.

ஐயா, எத்தனை முறைதான் எழுதுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. 2-ஆம் கோரிக்கையை மட்டுமாவது இந்த மழைக்கு முன் முடித்துத் தாருங்கள். வராத மழையளவை 0 என்று காட்டுவதை உடனே நிறுத்துங்கள். என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை இம்முறையாவது எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆற்றங்கரைக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைப்பில்)