செங்ஷான் முனையையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சீனப் பயணக் கட்டுரை பெய்ஜிங், ஷாங்காயோடு நின்றுவிட்டது. ஷான்டொங் தீபகற்பத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் செங்ஷான் முனையையும் அவசியம் எழுதுங்கள். அருகிலுள்ள வெய்ஹாய் நகரில் வேலை பார்க்கும் மகன் என்னை அங்கே கூட்டிப் போனான்.

பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. தடுப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தால், கீழே மோதும் அலையின் உப்புநீர் காற்றோடு ஏறி வந்து மூக்குக்கண்ணாடியில் படிகிறது.

கடலுக்குள் துருத்தி நிற்கும் பாறைகள், சூரியன் உதிக்கும் இடத்தைப் பார்க்கச் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கட்டிய பாலத்தின் தூண்களாம். தூண் நட்டு உதவியது கடல்தெய்வம். தன் அவலட்சணமான உருவத்தை யாரும் வரையக்கூடாது என்பது அதன் நிபந்தனை. கூட வந்த ஒருவன் காலாலேயே திருட்டுத்தனமாக வரைந்துவிட, பாலம் சரிந்தது. மன்னர் குதிரையில் தப்பினார், வரைந்தவன் கடலோடு போனான்.

இது கதை. ஆனால் அவர் கி.மு. 219-இலும் 210-இலும் இங்கே வந்தது வரலாறு. சாகா மருந்து தேடி அலைந்தவர், இரண்டாவது முறை வந்த அதே ஆண்டு, தலைநகர் திரும்பும் முன்பே வழியில் இறந்தார். பாடப்புத்தகத்தில் பெருஞ்சுவரோடு நின்றுவிடும் மன்னரை இங்கே வேறு ஆளாகப் பார்க்கலாம்.

சீனாவுக்கு ஆள் சேர்க்கும் சுற்றுலாக்காரர்கள் இதற்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அப்புறம், போகிறவர்கள் காற்றுக்குத் தாங்கும் மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, திருச்சி