ஃபெராரி ஃபார்முலா 1 டீமுக்கு, 2025 சம்மர் பிரேக்ல ஒரு திறந்த மடல்

டீம் பாஸ் வாசர் சாருக்கும் மரனெல்லோ ஃபேக்டரில வேலை பாக்குற எல்லாருக்கும் வணக்கம்.

14 ரேஸ் முடிஞ்சிருச்சு, மெக்லாரன் 559 பாயிண்ட், நாம 260. இந்த வருஷ டீம் சாம்பியன்ஷிப் டைட்டில் போச்சு, போன வருஷம் 14 பாயிண்ட்ல விட்டதும் வலிதான் ஆனா அப்ப கடைசி ரேஸ் அபுதாபி வரைக்கும் சண்டை போட்டோமே, இந்த தடவ அதுவும் இல்ல.

ஆனா ரெண்டாவது இடம் இன்னும் நம்ம கையில இருக்கு. மெர்சிடிஸ் 24 பாயிண்ட்தான் பின்னாடி, ஒரே ஒரு மோசமான ஞாயித்துக்கிழமை போதும். ஷாங்காய்ல பாத்தோமே, சனிக்கிழமை நம்ம டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் ஸ்பிரிண்ட்ங்குற சின்ன ரேஸ ஜெயிச்சாரு, மறுநாள் மெயின் ரேஸ்ல அவர் கார் அடியில இருக்குற பிளாங்க், அதாவது பலகை, ரூல் விடுறத தாண்டி ஓவரா தேஞ்சிருக்கு, இன்னொரு டிரைவர் சார்ல்ஸ் லெக்லெர்க் கார் இருக்க வேண்டிய எடைய விட 1 கிலோ கம்மி, ரெண்டு பேரும் டிஸ்குவாலிஃபை, 18 பாயிண்ட் காலி.

எனக்கு தெரிஞ்சு மொத்த பிரச்சனையும் அங்கதான் இருக்கு. கார் தரையோட ஒட்டி ஓடினாத்தான் வேகம், பிளாங்க் தேயக்கூடாதுன்னு கொஞ்சம் தூக்கிட்டா டவுன்ஃபோர்ஸ், அதாவது காத்து கார தரையோட அமுக்குற பலம், போயிடுது. பெல்ஜியத்துல ஸ்பா ரேஸுக்கு புது ரியர் சஸ்பென்ஷன் வந்துச்சு, சார்ல்ஸ் மூணாவது வந்தாரு, புடாபெஸ்ட்ல போல், அதாவது முதல் இடத்துலேர்ந்து ஸ்டார்ட், எடுத்தாரு, சந்தோஷத்துல இருந்தோம், ரேஸ்ல லீட் பண்ணிட்டு இருந்தவரு கடைசில நாலாவது. ரேடியோல உங்கள திட்டினவரு அப்புறம் கார் சேஸில (உடல் சட்டத்துல) கோளாறுன்னு தெரிஞ்சதும் சொன்னத வாபஸ் வாங்கினாரு. அது என்ன கோளாறுன்னு தெளிவா சொல்லுங்க சார், சொல்லாம விட்டா ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாங்க.

லூயிஸ் விஷயம் இன்னும் மனசு கஷ்டம். ஏழு தடவ சாம்பியன், புடாபெஸ்ட்ல 12ஆவதா குவாலிஃபை ஆயிட்டு டீம் வேற டிரைவர பாக்கணும்னு சொல்றாரு. காருல என்ன மாத்தணும்னு அவரே உக்காந்து டாக்குமெண்ட் எழுதி குடுத்திருக்காரு, அத டிராயர்ல வெச்சிடாதீங்க, அடுத்த வருஷம் ரூல்ஸே மாறுது, இப்ப அவர் சொல்றத கேட்டாத்தான் 2026 கார் அவர் கைக்கு அடங்கும்.

சீசன் நடுவுல எழுந்திரிக்க முடியாதுன்னு யாரும் சொல்லிட முடியாது. 2023ல மெக்லாரன் முதல் ரெண்டு ரேஸ்ல ஒரு பாயிண்ட் கூட எடுக்கல, ஆஸ்திரியால அப்கிரேட் கொண்டு வந்தாங்க, அடுத்த வாரமே சில்வர்ஸ்டோன்ல அவங்க டிரைவர் நாரிஸ் ரெண்டாவது, வருஷக் கடைசில டீம் நாலாவது. அவங்க தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சு டெக்னிக்கல் டீமையே மாத்தி அமைச்சாங்க. உங்க காண்ட்ராக்ட் நீட்டிச்சது சரியான முடிவு சார், அந்த தைரியத்துல நீங்களும் செய்யுங்க.

செப்டம்பர் 7 மான்சா, இத்தாலில நம்ம சொந்த ஊர் ரேஸ். போன வருஷம் அங்க டயர் மாத்த ஒரே ஒரு பிட் ஸ்டாப் மட்டும் போட்டு சார்ல்ஸ ஜெயிக்க வெச்சது இதே பிட் வால்தான், டிராக் ஓரத்துல உக்காந்து முடிவு எடுக்குற உங்க டீம். மயாமில நம்ம ரெண்டு காரையும் முன்ன பின்ன இடம் மாத்தி விட அவ்ளோ நேரம் யோசிச்சீங்களே, அந்த மாதிரி வேணாம், டிரைவர் கேட்டா உடனே பதில் சொல்லுங்க.