விலையோடு அலைவரிசையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை விலையையும் செயலியையும் ஒப்பிட்டது. அந்தச் சாதனங்கள் எந்த ரேடியோவில், அதாவது எந்த வகைக் கம்பியில்லா அலையில், பேசுகின்றன என்று ஒரு வரிகூட இல்லை. திருச்சியில் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்பவன் நான். வீட்டுக்காரர்களோடு எனக்கு வரும் வாக்குவாதத்தில் பாதி இதனால்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் மகன் ஆசையாக ஒரு கதவுப் பூட்டு வாங்கி வருவார். பெட்டியில் இசட்-வேவ் என்றிருக்கும்; அது ஸ்மார்ட் சாதனங்கள் பேசும் ரேடியோ வகைகளில் ஒன்று. இங்கே வாங்கிய ஹப்பும், அதாவது சாதனங்களையெல்லாம் இணைக்கும் மையப் பெட்டியும், இசட்-வேவ்தான். ஆனாலும் இரண்டும் சேராது. இசட்-வேவுக்கு நம் நாட்டில் 865.2 மெகாஹெர்ட்ஸ்; அமெரிக்கச் சரக்கு 908.42-ல் பேசும். "அப்போ ஹப்பையும் அங்கிருந்தே வரவழைச்சிடலாமே" என்பார்கள். கூடாது. 890 முதல் 915 வரை நம் செல்போன்கள் டவருக்கு அனுப்பும் அலைவரிசை, கம்பெனிகள் ஏலத்தில் எடுத்தது. உரிமம் இல்லாமல் நாம் அதில் நுழைய முடியாது. 865 பக்கம்தான் உரிமம் கேட்காத இடம்.

வைஃபை பல்பு, பிளக் எல்லாம் மலிவு, ஹப் தேவையில்லை. ஆனால் பல மாடல்கள் கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால், பக்கத்து அறை விளக்கைப் போனிலிருந்து அணைக்க முடியாது. பேட்டரியில் ஓடும் கதவு சென்சாருக்கும் வைஃபை தோதுப்படாது, சார்ஜைக் குடித்துவிடும்.

அந்த வேலைக்கு நான் சொல்வது ஜிக்பீ என்ற இன்னொரு ரேடியோ வகை. பட்டன் செல் ஒன்றே வெகுநாள் தாங்கும். நெட் இல்லாவிட்டாலும் நல்ல ஹப் வீட்டுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். வைஃபை மாதிரி இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் என்பதால் ஒன்றை ஒன்று இடிக்கும். ரௌட்டரை சேனல் 1-லும் ஜிக்பீயை 25-லும் வைத்தால் தொல்லை குறைகிறது. இதைவிடப் பெரிய விஷயம் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். ஜிக்பீயில் பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டிலேயே ஓடும் சாதனங்கள் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போவது அப்படித்தான். நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்சுகள் பெரும்பாலும் கடத்துவதில்லை. சுவிட்ச் மட்டும் இருக்கும் பெட்டிக்கு நியூட்ரல் இழுக்காமல் விடுவது நம் ஊர்ப் பழக்கம். வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பிறகு சுவரை உடைப்பதைவிட அந்த வயர் மலிவு.

2022-ல் வந்த மேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். மேட்டர் ரேடியோ அல்ல. வைஃபை மீதோ, ஜிக்பீ மாதிரி குறைந்த சார்ஜில் ஓடும் த்ரெட் மீதோ ஓடும் பொது விதிமுறை. த்ரெட் சாதனம் வாங்கினால் அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க பார்டர் ரௌட்டர் என்று ஒன்று தனியாக வேண்டும். சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள் அது இருக்கிறது, பலவற்றில் இல்லை. பில் போடும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த முறை இப்படி ஒப்பிடும்போது எந்த ரேடியோ, ஹப் வேண்டுமா, நெட் இல்லாமல் ஓடுமா என்ற மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் ஒப்பந்தக்காரர் ஒருவர்,
திருச்சி.