ஆடிப்பெருக்கன்று நடந்ததும் நாங்கள் சொன்னதும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்து நாட்களாகக் கடைக்கு வருபவர்கள் ட்ரோன் விலையைக் கேட்பதற்கு முன் “படித்துறையில் என்ன ஆனது?” என்றுதான் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே விடுகிறேன்.

எங்களிடம் ட்ரோன் வாங்கிய தம்பி ஒருவர் ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில், காப்பரிசியும் கருகமணியுமாகப் பெண்கள் நின்ற கூட்டத்துக்கு மேலே அதைப் பறக்கவிட்டிருக்கிறார். காவலர்கள் இறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே “உரிமம் வேண்டாம் என்று ஏமாற்றி விற்ற கடை” என்று எங்கள் பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது.

உரிமம் வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. இன்றும் அதைத்தான் சொல்வேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கும், பொழுதுபோக்காகப் பறக்கவிடும் 2 கிலோ வரையுள்ள மைக்ரோவுக்கும் இயக்குபவர் சான்றிதழ் தேவையில்லை. (மைக்ரோவுக்குப் பதிவு எண் வேண்டும், அதை நாங்களே உடனிருந்து வாங்கித் தருகிறோம்.) ஆளுக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றால் வானத்துக்கும் அனுமதி வேண்டாம் என்று அர்த்தமா? சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. அதற்காகத் தேர் வரும்போது வீதியில் குறுக்கே விட முடியுமா?

இதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, அவருடைய கைப்பேசியிலேயே எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து காட்டினேன். படித்துறை பச்சையில் இருந்தது. பச்சை என்றால் 400 அடி வரை முன்அனுமதி வேண்டாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. ஆனால் நாங்கள் பார்த்தது ஆனி மாதம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் எந்த இடத்தையும் ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக்கலாம். “பறக்கவிடும் அன்று காலையிலும் பாருங்கள்” என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. அன்று கடையில் கூட்டம். இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. இனி ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அதைச் சிவப்பு மையில் என் கையாலேயே எழுதித் தருவேன்.

தஞ்சாவூர் அன்பர்கள் விமானப்படைத் தளத்தையும், திருச்சிப் பக்கத்தார் விமான நிலையத்தையும் நினைவில் வையுங்கள். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சையே இல்லை. 8 முதல் 12 வரை 200 அடிதான். பெரிய கோயிலுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. தாராசுரம் கோயிலுக்கும் அதே அனுமதி வேண்டும் என்பதைத்தான் நம் கும்பகோணத்துக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பழுது பார்த்த எங்கள் பையன் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் வேலைக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், குறை சொல்ல மாட்டேன். எள்ளளவு திருகாணியையும் பேசிக்கொண்டே மாட்டுவான்; எனக்கு இரண்டு கண்ணாடி தேவைப்படுகிறது. அதனால் பழுது வேலை சற்றுத் தாமதமாகும். ஞாயிறு பயிற்சிக்கு இந்த மாதம் முதல் 300 ரூபாய்.

அந்தப் பயிற்சிக்கு அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகளோடு வந்து நின்றவர்களையும், கொக்குக் கூட்டத்தைக் கண்டு மிரண்டு சேற்றில் இறக்கிய ட்ரோனை முழங்கால் சேற்றோடு தேடித் தந்தவர்களையும், “அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்” என்று எங்களுக்காகப் பேசியவர்களையும் நான் மறக்கமாட்டேன். மனமார்ந்த நன்றி.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை: ரசீதின் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். காவல் நிலையத்துக்குத் துணைக்கு வரச் சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கும்பகோணம்