எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள்: பழைய சிவிக் ஹேட்ச்பேக் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக்கில் எஞ்சின் மாற்றக் கிளம்பியிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1992–95 ஈஜி, 1996–2000 ஈகே, இந்த இரண்டு தலைமுறை வண்டிக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். உங்களில் பலர் முதலில் எஞ்சினை வாங்கிப் போட்டுவிடுகிறீர்கள். அதற்குப் பிறகுதான் கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறீர்கள். தார்ப்பாய் போர்த்தி ஷெட்டில் கிடக்கும் வண்டிகளின் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எஞ்சினுக்கு விலை பேசும் முன், அதோடு வரவேண்டிய மற்ற எல்லாவற்றையும் பேசி முடியுங்கள். அவை கிடைக்காது என்றால் அந்த எஞ்சின் உங்களுக்கு வேண்டாம். ஹாஃப் கட் (எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங்கோடு வெட்டி விற்கும் வண்டியின் முன்பாதி) கிடைத்தால் அதையே எடுங்கள். விலை கூடுதலாகத் தெரிந்தாலும், உதிரியாகச் சேர்க்கும்போது ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில், யாரும் கேட்க விரும்பாத யோசனை. உங்கள் வண்டியில் இருப்பது 1.5 லிட்டர் டி15 என்றால், டி16இசட்6 அல்லது டி16ஒய்8 போதுமா என்று யோசியுங்கள். 1590 சிசி, ஒற்றை கேம், விடெக் (வேகம் ஏறும்போது வால்வு திறப்பைக் கூட்டும் அமைப்பு), 125 முதல் 127 குதிரைத்திறன். பழைய மவுண்ட்டிலேயே உட்காரும், பழைய கியர் லிங்கேஜிலேயே ஓடும். விடெக்குக்கான வயர்களும் பொருத்தமான ஈசியூவும் தவிரப் புதிதாக ஒன்றும் வேண்டாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதற்கு மேல் அவசியமில்லை என்பதே எங்கள் கருத்து. வார இறுதியில் இறக்கி, வார இறுதியிலேயே ஏற்றிவிடக்கூடிய மாற்றம் இது ஒன்றுதான்.

அதற்கு மேல் வேண்டும் என்றால் ஹோண்டாவின் இரட்டை கேம் எஞ்சின் வரிசையான பி சீரிஸ். இங்கேதான் கவனம் அதிகம் தேவை.

டி சீரிஸ் கியர்பாக்ஸ் பி எஞ்சினில் பொருந்தாது. எனவே பி பாக்ஸும் சேர்த்து வாங்க வேண்டும். வாங்கும்போது பாக்ஸின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். எஸ்1, ஜே1, ஒய்1, ஒய்எஸ்1 என்றால் கேபிள் க்ளட்ச். உங்கள் ஈஜி, ஈகே இரண்டும் ஹைட்ராலிக். எஸ்4சி, ஒய்21, எஸ்80 என்றிருந்தால் நேராகப் பொருந்தும். கேபிள் பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், மிச்சப்பட்ட பணம் அதை ஹைட்ராலிக்குக்கு மாற்றும் வேலையிலேயே போய்விடும்.

மவுண்ட் பிராக்கெட்டுகள் 1994–2001 ஹோண்டா (அக்யூரா) இன்டெக்ராவிலிருந்தோ, பி எஞ்சினோடு வந்த சிவிக்கிலிருந்தோ வரவேண்டும்: டைமிங் பெல்ட் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் மேல் ஒன்று, பின்னால் டி வடிவப் பிராக்கெட், முன்னால் இரண்டு. ஆக்ஸிலும் அதே இன்டெக்ராவுடையது. அதோடு பிளாக்கின் பின்புறம் போல்ட் செய்யும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டைக் கேட்டு வாங்குங்கள். டி வண்டிகளில் இது இல்லாததால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விற்பவர் சொல்லவும் மாட்டார். கியர் லிங்கேஜும் பி பாக்ஸுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எந்த பி? பி16ஏ 1595 சிசி, மேலே போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். பி18சி 1797 சிசி, ஸ்ட்ரோக் 87.2 மி.மீ., நடுவில் இழுவை கூடும். சிஆர்-வியிலிருந்து வரும் பி20 1972 சிசி, விடெக் கிடையாது. மலிவு, நகர ஓட்டத்துக்கு நல்ல இழுவை. ஆனால் மற்ற பி எஞ்சின்களின் 81 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டத்துக்கு) இருந்த இடத்திலேயே 84 மி.மீ. போர் எடுத்திருப்பதால் லைனர் சுவர் மெல்லியது. இதன் மேல் விடெக் ஹெட் வைத்து 8000 ஆர்பிஎம் வரை விரட்டினால் லைனர் விரிசல் விடும் அபாயம் உண்டு. பி20 வாங்குபவர் அதை பி20 போலவே ஓட்டட்டும். இன்னொன்று, நால்சக்கர இயக்க சிஆர்-வியின் பாக்ஸ் உங்களுக்கு உதவாது. பாக்ஸைத் தனியாகத் தேட வேண்டும்.

எஞ்சினைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து கிராங்க் செய்யுங்கள். எந்த சிலிண்டரும் 135 பிஎஸ்ஐக்குக் கீழ் இறங்கக் கூடாது. சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 28 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லையென்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ரியர் மெயின் சீல், க்ளட்ச், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பி சீரிஸில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வரலாறு தெரியாத பெல்ட்டோடு ஏற்றுவது சூதாட்டம்.

வயரிங் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் படிக்க வேண்டும். ஓபிடி1 (1992–95 காலத்து) ஈசியூ என்றால் வயர் சேரும் பின்கள் இவை: விடெக் சோலனாய்டு ஏ4, விடெக் பிரஷர் சுவிட்ச் டி6, நாக் சென்சார் டி3. பி18சியின் இன்டேக் வால்வு மாற்றி ஏ17. ஈகேயில் ஓபிடி1 ஈசியூ போடுவதானால் இடையில் ஜம்பர் ஹார்னஸ் (இணைப்பு வயர்க் கட்டு) தேவை. டிஸ்ட்ரிபியூட்டர் பிளக் வண்டியின் ஹார்னஸோடு சேர்கிறதா என்று முன்பே பாருங்கள். மீட்டர் போர்டின் செக் எஞ்சின் விளக்கில் பிழைக் குறியீடு 21 வந்தால் சோலனாய்டு, 22 வந்தால் பிரஷர் சுவிட்ச், 23 வந்தால் நாக் சென்சார். 22 வந்தால் வயரைத் தேடும் முன் ஆயில் அளவைப் பாருங்கள்.

இன்ஜெக்டரை மல்ட்டிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். 10 ஓமுக்கு மேல் என்றால் நேராக இணைக்கலாம். 2, 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் பாக்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் ஈசியூவின் டிரைவர் எரியும். அப்புறம் அந்த தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் போல்ட் செய்திருக்கும் கிரவுண்ட் வயர். அதை மாட்ட மறந்தால் ஆர்பிஎம் முள் குதிக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, சென்சார் பிழைக் குறியீடுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும். எல்லாரும் ஈசியூவை மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் அந்த 10 மி.மீ. போல்ட்டைப் பாருங்கள்.

பி சீரிஸுக்குப் பின் வந்த கே சீரிஸ் பக்கம் போகிறவர்களுக்குச் சில வரிகள். டி, பி எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்த்தால் எதிர்க் கடிகாரத் திசையில் சுழலும், கே கடிகாரத் திசையில். எக்ஸாஸ்ட் பின்னால், இன்டேக் முன்னால். அதனால் பழையதில் எதையும் மீட்க முடியாது: மவுண்ட் கிட், சப்ஃபிரேம் மாற்றம், தனி ஆக்ஸில், கேபிள் ஷிஃப்டர், ஈசியூ, ஹார்னஸ், ஹெடர், ரிட்டர்ன் வைத்த ஃபியூயல் ரெகுலேட்டர் என்று எல்லாம் புதிது. ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பிராக்கெட். கே24 பிளாக் கே20ஐ விட 19.5 மி.மீ. உயரம். பானெட்டும் தரை இடைவெளியும் இரண்டுமே கேள்விக்கு வரும்.

கே எஞ்சின்களில் ஐ-விடெக் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். கே20ஏ3 போன்றவற்றில் எக்ஸாஸ்ட் கேமில் விடெக் கிடையாது. வால்வ் கவரைக் கழற்றினால் தெரிந்துவிடும்: வேகமான வகையில் இரண்டு கேமிலும் சிலிண்டருக்கு மூன்று லோப். டைப் ஆர் என்று சொல்லி விற்பவரிடம் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஈசியூவோடு இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியும் வருகிறதா, அல்லது அது நீக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

பிரேக்கை இதே பட்ஜெட்டில் வையுங்கள், அடுத்த வருடத்துக்கு அல்ல. அடிப்படை மாடல்களில் முன் டிஸ்க் சிறியது, பின்னால் டிரம். இன்டெக்ராவின் 262 மி.மீ. முன் டிஸ்க், அதன் கேலிப்பர், பின்னால் டிஸ்க் போட்டால் 4040 ப்ரொப்போர்ஷனிங் வால்வ் (முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுவது) என்பது பழகிப்போன சேர்க்கை. எஞ்சின் எண் மாறியதைப் பதிவு ஆவணத்திலும் காப்பீட்டிலும் எழுதிக்கொள்ள வாங்கிய ரசீதை வைத்திருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டரைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை கிராங்க் செய்யுங்கள். ஒரே மூச்சில் அல்ல, ஸ்டார்ட்டர் சூடாகாமல் விட்டுவிட்டு. கூலன்ட்டை ப்ளீட் போல்ட்டைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். பி எஞ்சினில் சர்வீஸ் கனெக்டரை ஜம்ப் செய்து டைமிங் லைட்டில் 16 டிகிரியில் நிறுத்துங்கள். 32 மி.மீ. ஆக்ஸில் நட்டை 181 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, காலரை உளியால் மடக்குங்கள். நட்டு புதியதாக இருக்கட்டும், பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
இந்த வண்டிகளில் எஞ்சின் இறக்கி ஏற்றும் சிலர்