மார்ஃபா போய் வந்தேன்

மிஹா, என் மகளே,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். காரின் பின் டயரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா?

போன வாரம் சர்ச் ஆட்களோடு டெக்சாஸின் மார்ஃபா ஊருக்குப் போய் வந்தேன். மெக்சிகன் பிள்ளைகளுக்கென்று தனியாக நடந்த பிளாக்வெல் பள்ளியை இப்போது தேசிய வரலாற்றுத் தலமாக்கியிருக்கிறார்கள். 1954-ல் அங்கே ஸ்பானிஷ் மொழிக்கே சவ அடக்கம் நடத்தினார்கள். ஸ்பானிஷ் சொற்களைப் பிள்ளைகளையே சீட்டில் எழுதவைத்து, அந்தச் சீட்டுகளைக் குழியில் போட்டு, மண் தள்ளினார்கள். எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

ஈஸ்டர் அன்று உன் சின்னவள் என்னிடம் ஸ்பானிஷில் பேசினாள். காலேஜில் படித்ததாம். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்! நீ எழுந்து பாத்திரம் கழுவப் போனாய். பாத்திரமெல்லாம் முன்பே கழுவியாகிவிட்டது, மிஹா.

எங்களைத் தனிப் பள்ளியில் வைக்கக்கூடாது என்று 1948-லேயே டெக்சாஸில் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை முதல் வகுப்பில் மட்டும் பிரித்து வைக்கலாம் என்று அதில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்துக்குள்தான் நான் இரண்டு வருஷம் முதல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்பானிஷில் தண்ணீர் கேட்டதற்கு டீச்சர் பலகையால் அடித்தார். என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று நினைத்தேன். நீ ஒருநாளும் அடி வாங்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தாய். அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரு போன் பண்ணத்தான் உனக்கு நேரமில்லை.

டிரிஸ்கால் ஊர் வழக்கைப் பற்றி மார்ஃபாவில் ஒருவர் சொன்னார். 1957-ல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பான வழக்கு. அங்கே ஸ்பானிஷே தெரியாத ஒரு சிறுமியையும் மெக்சிகன் வகுப்பில்தான் உட்காரவைத்தார்களாம். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிய குழந்தை. வரும் வழியெல்லாம் அவள் நினைப்புதான் எனக்கு. அவர்கள் பார்த்தது பெயரைத்தான், மொழியை இல்லை. அப்படியென்றால் உன்னிடமிருந்து மொழியைப் பிடுங்கி நான் எதைக் காப்பாற்றினேன்? மிஹா என்ற ஒரு ஸ்பானிஷ் சொல்லைத் தவிர உனக்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்னொன்று. பாட்டி கடைசியாக உன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாளே, என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டாய். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள் என்றேன். அது பொய். "உன்னிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது, உன் அம்மா விடவில்லை" என்றுதான் சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக அதை நான் விழுங்கிக்கொண்டே இருக்கிறேன். ஸ்பானிஷில் அவள் சொன்னதை அப்படியே ஒரு தனிச் சீட்டில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். சின்னவளிடம் கொடு, அவள் வாசித்துக் காட்டுவாள்.

டயரை மாற்றிவிடு. கோபமாக இருந்தாலும் சரி, போன் பண்ணு.

அம்மா