வராத பஸ்ஸைக் காட்டும் செயலி: சரிசெய்ய வேண்டியது பணிமனையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநகர பஸ் எப்போது வரும் என்று செல்போனில் பார்த்துவிட்டு நிறுத்தத்துக்குக் கிளம்புவது சென்னையில் பழகிப்போய்விட்டது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்து, பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிந்த பிறகு, அந்த நேரக் கணிப்பை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். கணிப்பு தவறும்போதெல்லாம் மென்பொருளை மாற்ற வேண்டும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. இந்தத் தரவுகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். எந்த வண்டி எந்த ஷெட்யூலில் ஓடுகிறது என்ற தகவல் சர்வருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால், எவ்வளவு உயர்ந்த கணிப்பு முறையும் உதவாது. அந்தத் தகவல் பிறக்கும் இடம் பணிமனை.

பொதுப் போக்குவரத்து வண்டிகளில் ஏ.ஐ.எஸ். 140 தரத்துக்கு ஏற்ற இருப்பிடக் கருவி வேண்டும் என்பது புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு 2019 ஜனவரி முதல் கட்டாயம். அந்தக் கருவி வண்டி நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், போகும் திசை, நேரம் ஆகியவற்றைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை அனுப்பும். தான் இருக்கும் வண்டி 29சி-யா 21ஜி-யா என்பது அதற்குத் தெரியாது. வண்டி எண்ணையும் ரூட்டையும் நடையையும் (அந்த ரூட்டில் ஒருமுறை போகும் ஓட்டம்) இணைத்துச் சொல்ல வேண்டியது மனிதர்கள்தான்.

விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பணிமனையை நினைத்துப் பாருங்கள். முதல் நடைக்கு ஒதுக்கிய வண்டியில் ஏர் பிரஷர் ஏறவில்லை. ஸ்பேர் வண்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நோட்டில் வண்டி எண் மாறிவிடுகிறது, கணினியில் மாறவில்லை. அன்று முழுக்க, ஷெட்டில் படுத்திருக்கும் வண்டியைத்தான் 29சி என்று சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். ரோட்டில் ஓடும் ஸ்பேர் வண்டி எந்த ரூட்டிலும் சேராமல் அநாதையாக நிற்கும். நிறுத்தத்தில் இருப்பவருக்கு ஒன்று பஸ்ஸே தெரியாது, இல்லையென்றால் அட்டவணை நேரம் மட்டும் தெரியும். இதைவிட மோசம், டிரைவரோ கண்டக்டரோ வராமல் ஒரு நடையே ரத்தாவது. ரத்தானதை யாரும் பதியவில்லை என்றால், செயலி அட்டவணையைப் பார்த்து ஒரு பஸ்ஸை உருவாக்கிக் காட்டும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கும். ஒன்றுக்கு வந்ததும் வரி மறைந்துவிடும். ரோட்டில் எதுவும் வந்திருக்காது.

ஜி.பி.எஸ். தடத்தை வைத்து ரூட்டைக் கணினியே கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். வண்டி எந்த டெர்மினஸில் இருந்து, அட்டவணையின் எந்தப் புறப்பாட்டை ஒட்டிக் கிளம்பியது, கடந்த கால் மணி நேரத் தடம் எந்த ரூட்டின் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்த்து ஊகிக்கலாம். ஆனால் அண்ணா சாலை போன்ற ஒரு சாலையில் ஏராளமான ரூட்டுகள் ஒரே கோட்டில் ஓடுகின்றன. வண்டி திரும்பும் இடம் வரும்வரை எது எது என்று பிரித்தறிய வழியில்லை. பாதியில் திரும்பும் கட் சர்வீஸிலும் இதே சிக்கல்தான்.

நம்பகமான வழி டிக்கெட் மெஷினில் இருக்கிறது. கண்டக்டர் ஒவ்வொரு நடையும் தொடங்கும்போது மெஷினில் ரூட்டையும் நடையையும் திறக்கிறார். திறக்காமல் டிக்கெட் வராது. அந்த ஒரு பதிவை வண்டி எண்ணோடு சேர்த்து உடனே சர்வருக்கு அனுப்பினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வண்டி எண்ணைக் கையால் தட்டச் சொன்னால் தப்பு வரும். கண்டக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினாலேயே ஸ்கேன் செய்ய வைக்க வேண்டும். பணிமனைக் கேட்டில் வெளியே போகும் வண்டி எண்ணை எழுதும் இடத்திலும் அதே ஸ்கேன் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தாத வண்டிகளின் பட்டியல் காலை ஆறு மணிக்கு நேரக் காப்பாளர் கைக்கு வர வேண்டும். மறுநாள் வரும் பட்டியலால் பயன் இல்லை.

அடுத்து நிறுத்தங்கள். ஒரு நிறுத்தத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு பதிந்தால் பிழை 50 மீட்டருக்கும் மேல் போகலாம். ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் நிறுத்தங்களுக்குத் தனித்தனி எண் தர வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த் திசை பஸ் உங்கள் பஸ்ஸாகக் காட்டப்படும். நிறுத்தத்தைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அதற்குள் வண்டி வந்தால் 'வந்தது' என்று குறிப்பது பல மென்பொருள்களின் வழக்கம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 30 வினாடியில் 250 மீட்டர் நகர்ந்துவிடும். கருவி 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பினால், 100 மீட்டர் அகல வட்டத்தை வண்டி சர்வருக்குத் தெரியாமலே தாண்டிவிடும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே ரூட் கோட்டின் மீது கணக்கிட்டு, நிறுத்தத்தைக் கடந்த நேரத்தை எடுப்பதே சரி.

கோயம்பேட்டில் இருந்து அசோக் நகர் வரை நூறடி சாலையில் மெட்ரோ பாலம் தலைக்கு மேல் இருக்கிறது. அங்கே செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறி, வண்டி பக்கத்துத் தெருவில் ஓடுவது போலப் புள்ளி விழும். இதற்குத் தீர்வு பழையது: ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்க்காமல், தொடர்ச்சியான புள்ளிகளுக்குச் சேர்த்து எந்தச் சாலைப் பாதை அதிகம் சாத்தியம் என்று கணிப்பது. நியூசன், கிரம் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் மெட்ரோ வேலைக்காகச் சாலை மாற்றப்பட்டால், மாற்றுப்பாதை அதே நாளில் ரூட் கோப்பிலும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சரியான புள்ளிகளைக் கூட மென்பொருள் தவறான சாலைக்கு இழுத்துவிடும்.

நேரத்தைக் கணிப்பது இவ்வளவுக்கும் பிறகு வருவது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ரூட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் கடைசியாகப் போன இரண்டு மூன்று பஸ்கள் எடுத்த நேரத்தையும், அதே கிழமை அதே மணியில் வழக்கமாக ஆகும் நேரத்தையும் கலந்தால் நல்ல கணிப்பு கிடைக்கும். அந்தத் துண்டில் ஓடும் எல்லா ரூட் பஸ்களையும் கணக்கில் எடுக்கலாம். இப்படிக் கலப்பதற்குக் கால்மன் வடிகட்டி என்ற 1960-ஆம் ஆண்டுக் கணித முறை இருக்கிறது. பஸ்களின் ஜி.பி.எஸ். தரவைக் கொண்டு நம் ஊர்க் கலப்புப் போக்குவரத்துக்கு அதைப் பொருத்திச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2009-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். கணக்குக்காக நாம் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

கணக்கால் தீராத இடம் ஒன்று உண்டு: டெர்மினஸ். வண்டி வந்து இன்ஜினை அணைத்து நிற்கிறது. டிரைவர் சாப்பிடப் போயிருக்கலாம், டீசல் போட வண்டி போக வேண்டியிருக்கலாம். எப்போது கிளம்பும் என்பது நேரக் காப்பாளருக்கு மட்டுமே தெரியும். ஆகவே டெர்மினஸில் இருந்து இரண்டாவது, மூன்றாவது நிறுத்தத்தில் காத்திருப்பவருக்குத்தான் மோசமான கணிப்பு கிடைக்கிறது, பஸ் கூப்பிடு தூரத்தில் நின்றாலும்கூட. நேரக் காப்பாளரிடம் 'இந்த வண்டி இத்தனை மணிக்கு' என்று தட்ட ஒரு எளிய திரை இருந்தால் போதும்.

பயணிக்கு எதைக் காட்டுவது என்பதிலும் நேர்மை வேண்டும். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் தரவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு குறி இருக்கிறது: இந்த நேரம் வண்டியின் உண்மை இருப்பிடத்தில் இருந்து வந்ததா, அட்டவணையில் இருந்து வந்ததா என்று அது சொல்லிவிடும். உட்கார இடம் உண்டா, நிற்க மட்டும்தான் இடமா, நெரிசலா என்றும் சேர்த்தே சொல்கிறது. நம் செயலிகளிலும் அட்டவணை நேரம் வேறு நிறத்தில் தெரிய வேண்டும். கடைசிப் பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே போகாமல் 'தகவல் இல்லை' என்று காட்ட வேண்டும்.

கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதை அளந்து மாதாமாதம் வெளியிட வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் முக்கியக் கோரிக்கை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போக்குவரத்து ஆணையம் பயன்படுத்தும் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடத்துக்குள் வரும் என்று சொன்ன பஸ், சொன்ன நேரத்துக்கு 1 நிமிடம் முன்போ பின்போ வந்தால் சரி. 3 முதல் 6 நிமிடம் என்றால் ஒன்றரை நிமிடம் முன், 2 நிமிடம் பின். 12 முதல் 30 நிமிடம் என்றால் 4 நிமிடம் முன், 6 நிமிடம் பின். முந்தி வருவதற்குக் குறைவான சலுகை தருவதில் நியாயம் இருக்கிறது. பஸ் தாமதமானால் பயணி கொஞ்சம் கூடுதலாக நிற்பார், முந்திப் போய்விட்டால் பஸ்ஸையே தவறவிடுவார். சராசரிப் பிழை ஒரு நிமிடம் என்று மட்டும் சொல்லும் அறிக்கையை ஏற்கக் கூடாது. ஐந்து நிமிடம் முந்தியதும் ஐந்து நிமிடம் பிந்தியதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சராசரி அழகாகத் தெரியும். காட்டப்பட்டு வராமலே போன பஸ்களும் தோல்விக் கணக்கில் ஏற வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தையும் இதே தரவில் அளக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே எண்ணிக்கை பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் காத்திருப்பு 8.2 நிமிடம் ஆகிவிடும், ஏனென்றால் பெரும்பாலான பயணிகள் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து சேர்கிறார்கள். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஆனால் பயணிக்கு 3.2 நிமிடம் நஷ்டம். தாமதமான பஸ்ஸில் கூட்டம் ஏறும், ஏற நேரமாகும், மேலும் தாமதமாகும். பின்னால் வருவது காலியாக ஓடி அதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். லண்டனில் அடிக்கடி ஓடும் ரூட்டுகளில் இந்தக் கூடுதல் காத்திருப்பை அளந்துதான் பஸ் கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் முடிவாகின்றன. இங்கே பின்னால் வரும் வண்டியை இடைவழியில் ஓரிரு நிமிடம் நிறுத்தி அனுப்பும் அதிகாரம் கட்டுப்பாட்டு அறைக்கு இருந்தாலே பஸ்கள் இப்படிக் கொத்தாக வருவது பாதி குறையும்.

ஆனால் இந்தத் தரவை வைத்து டிரைவர், கண்டக்டருக்கு மெமோ கொடுக்கத் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். கருவியின் ஒயர் பிடுங்கப்படும், நடை திறப்பது தாமதமாகும். சாலை நெரிசலால் ஆகும் தாமதத்துக்கு ஊழியர் பொறுப்பல்ல என்பதை எழுத்தில் உறுதி செய்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

அட்டவணையையும் நேரடி இருப்பிடத்தையும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொது வடிவத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் தொடங்கிய வடிவம் அது. நடை ரத்தானதைச் சொல்லவும் அதன் நேரடிப் பதிப்பில் இடம் உண்டு. டெல்லி அரசு 2018-லேயே ஐ.ஐ.ஐ.டி. டெல்லி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பஸ் தரவைத் திறந்தது. கோவையும் மதுரையும் திருச்சியும் சென்னையோடு சேர்ந்து இதைச் செய்தால், கல்லூரி மாணவர்கள்கூடக் கணிப்பைச் சரிபார்த்துக் குறை சொல்ல முடியும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு நிறுத்தத்தில் எலக்ட்ரானிக் பலகை வைப்பதும் இதே தரவில் இருந்துதான். மகளிர் இலவசப் பயணத்தில் போகும் பலருக்கு அந்தப் பலகைதான் செயலி.

மென்பொருள் ஒப்பந்தம் யாருக்குப் போனாலும், மூலத் தரவு முழுவதும் போக்குவரத்துக் கழகத்துக்கே சொந்தம் என்றும், பராமரிப்புக் கட்டணத்தின் ஒரு பகுதி மேலே சொன்ன அளவுகோலில் தேறினால்தான் கிடைக்கும் என்றும் டெண்டரில் எழுத வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. ஒரு பணிமனையில் கியூஆர் ஸ்கேனையும் நேரக் காப்பாளர் திரையையும் மூன்று மாதம் ஓட்டி, முன்னும் பின்னுமான பிழைக் கணக்கை வெளியிடட்டும். அடுத்த பணிமனைக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
போக்குவரத்துத் தரவுப் பொறியாளர் ஒருவர்,
சென்னை